பழுது எங்கே என்று அறிவதும் ஒரு சொத்தே

வன்னியில் ஒரு குடும்பம் இடம்பெயரும்போது வீட்டையும் கிணற்றையும் வயலையும் விட்டுத்தான் போகவேண்டும். கொண்டுபோகக்கூடிய பெரிய சொத்து உழவு இயந்திரம் ஒன்றே. 1996இல் கிளிநொச்சியை விட்டு மக்கள் வெளியேறியபோதும், 2008இல் துணுக்காய், மல்லாவிப் பகுதிகளிலிருந்து கிழக்கு நோக்கி நகர்ந்தபோதும், வயோதிபரும் குழந்தைகளும் நெல்மூட்டைகளும் கூரைத்தகடுகளும் ஏறியது உழவு இயந்திரப் பெட்டிகளில்தான். 2009 மே மாதத்தில் அந்த இயந்திரங்களும் முள்ளிவாய்க்கால் வீதியோரங்களில் கைவிடப்பட்டன. மீள்குடியேற்றத்தின்போது இந்தியா வட மாகாணத்துக்கு வழங்கிய 500 உழவு இயந்திரங்கள் கமநல சேவை நிலையங்கள், சங்கங்கள் முதலிய பொது அமைப்புகளுக்குச் சென்றன. தனிக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கிடைத்தது, துருவிலிருந்து மீட்டெடுத்த இயந்திரமோ, இரண்டாம் மூன்றாம் கையாக வாங்கிய இயந்திரமோதான்.

நாம் வயல்களில் இன்றும் காணும் மசி பேர்கசன் 135 ரகம் 1964 முதல் 1975 வரை பிரித்தானியாவில் தயாரிக்கப்பட்டது. இவ்வளவு வயதான இயந்திரம் இடையிடையே நிற்பது இயல்பு. நிற்கும்போது இரண்டு ஆலோசனைகள் வருகின்றன. "பம்ப் போய்விட்டது, கழற்றவேண்டும்" என்பது ஒன்று. "இதைத் தள்ளிவிட்டு லீசிங்கில் புதியதை எடுங்கள்" என்பது மற்றது. 2022இல் ஒரு டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபின், உதிரிப்பாகமும் புதிய இயந்திரமும் ஏழைக் கமக்காரனுக்கு எட்டாத விலைக்குப் போய்விட்டன. ஒரு காலபோகம் வெள்ளத்தில் அழிந்தால் லீசிங் தவணை தவறும். இயந்திரமும் போகும், கட்டிய பணமும் போகும்.

ஆகவே எமது கருத்து இதுதான்: பழுதைத் திருத்தும் வேலை மெக்கானிக்குடையதாக இருக்கலாம், ஆனால் பழுது எங்கே என்று கண்டறியும் அறிவு இயந்திரம் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் இருக்கவேண்டும். அந்த அறிவை எந்த இடப்பெயர்விலும் விட்டுவிட்டுப் போகவேண்டியதில்லை. எந்தக் கம்பனியும் பறிமுதல் செய்யவும் முடியாது.

இது எமக்குப் புதிய அறிவுமல்ல. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் கிடைக்காதபோது, சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள் எம்மவர்கள். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி இஞ்சின் ஒயிலை இளக்கும், பிளக்கில் கரி படியும் என்பதெல்லாம் அன்று சாதாரண மக்களும் அறிந்த செய்திகள். 2002இல் ஏ9 பாதை திறந்தபின்னரும், போர் முடிந்தபின்னரும் கடைகளும் கம்பனிகளும் வந்தன. அந்த அறிவு மட்டும் மெல்ல மெல்லப் பின்வாங்கிவிட்டது.

நிற்க, பழைய டீசல் இயந்திரத்தில் கணினியோ நுண்மின் கருவியோ இல்லை. கண்ணும் காதும் மூக்கும் விரலும் போதும். ஓர் ஒழுங்கில் பார்ப்பதே முக்கியம்: முதலில் டீசல், பின்னர் காற்று, தண்ணீர், ஒயில், மின்சாரம். ஸ்பனரைக் கடைசியில் எடுங்கள்.

செல்ப் நன்றாகச் சுற்றியும் இஞ்சின் பிடிக்கவில்லையா? தாங்கியில் டீசல் இருக்கிறதா, திருகு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கானில் நெடுநாள் வைத்த டீசலில் தண்ணீர் சேரும். தண்ணீர் டீசலைவிடப் பாரமானது, அடியில் தங்கும். பில்ரரின் அடியில் சிறிது வடித்து ஒரு கண்ணாடிப் போத்தலில் வைத்தால் இரண்டும் பிரிந்து தெரியும். அடுத்தது காற்று. தாங்கி ஒருமுறை வற்றினாலோ, குழாய் இணைப்பு தளர்ந்தாலோ குழாய்க்குள் காற்று புகும். பம்ப் எவ்வளவு நல்லதாயினும் டீசல் போகாது. பில்ரரின் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, கைப்பம்பின் நெம்பை அடியுங்கள். குமிழிகள் நின்று தெளிந்த டீசல் வரும்போது திருகை இறுக்குங்கள். டீசல் பம்பிலுள்ள காற்றுத் திருகுகளிலும் அப்படியே செய்யுங்கள். பம்ப் போய்விட்டது என்று முடிவெடுப்பதற்கு முன்னர் இவ்வளவையும் செய்து பார்க்கவேண்டும். ஓர் எச்சரிக்கை: இஞ்சின் சுற்றும்போது நொசில் குழாயில் கசிவைக் கையால் தேடாதீர்கள். அங்கே பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

புகையும் பேசும். கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை அல்லது சுமை அதிகம். மழைக்கு முன்னர் புழுதி உழவு செய்யும் எமது வயல்களில் காற்று வடி சில நாட்களிலேயே அடைத்துவிடும். அதன் அடித்தட்டிலுள்ள ஒயில் சேறுபோலாகும். புழுதி உழவு நடக்கும் நாட்களில் அதைத் தினமும் பார்க்கவேண்டும். நீலப் புகை என்றால் இஞ்சின் ஒயில் எரிகிறது. தேய்ந்த றிங் காரணமாகலாம். அடித்தட்டில் அளவுக்கு மிஞ்சி ஒயில் விட்டதும் காரணமாகலாம். முதலாவதற்குப் பெருஞ்செலவு, இரண்டாவதற்கு ஒரு சதமும் இல்லை. எனவே இரண்டாவதை முதலில் பாருங்கள். குளிர்ந்த காலையில் சிறிது வெள்ளைப் புகை வருவது வழமை. சூடேறிய பின்னும் அது நிற்காமல், ரேடியேற்றர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால், இயந்திரத்தை நிறுத்தி மெக்கானிக்கை அழையுங்கள்.

இஞ்சின் கொதித்தால் ரேடியேற்றர் இடுக்குகளில் வைக்கோல் தூசு அடைத்திருக்கிறதா என்றும், பான் பெல்ட்டைப் பெருவிரலால் அழுத்தினால் அரை முதல் முக்கால் அங்குலம்வரை மட்டும் தாழ்கிறதா என்றும் பாருங்கள். சூட்டோடு மூடியைத் திறக்கக்கூடாது. கொதிக்கும் இஞ்சினுக்குள் குளிர்நீர் ஊற்றினால் அது வெடித்துப் பிளக்கலாம். எமது கிணறுகள் பலவற்றின் நீரில் சுண்ணாம்பு அதிகம். அது ரேடியேற்றருக்குள் படியும். மாரியில் சுத்தமான மழைநீரைச் சேர்த்து வைத்துப் பாவிப்பது நல்லது.

ஒயில் கம்பியைத் தினமும் இழுத்துப் பாருங்கள். ஒயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. ஒயில் குறையாமல் கூடி, இளகி, டீசல் மணத்தால், கைப்பம்பின் றப்பர் சவ்வு கிழிந்து டீசல் உள்ளே இறங்குகிறது. அது ஒரு சிறிய பாகம். கவனியாமல் ஓட்டினால் முழு இஞ்சினும் போகும். பின்பக்க ஹைட்ரோலிக் தூக்கவில்லை என்றால் கியர்ப்பெட்டி ஒயிலைப் பாருங்கள். 135 ரகத்தில் இரண்டுக்கும் ஒரே ஒயில்தான். செல்ப் 'கடக்' என்று மட்டும் சத்தமிட்டால், புதிய பற்றரி வாங்குமுன் பற்றரி முனைகளில் பூத்திருக்கும் பூஞ்சணத்தைச் சுடுநீரால் கழுவி, சுரண்டி இறுக்குங்கள்.

இந்த அறிவு ஆண்களுக்கு மட்டும் உரியதென்று எவரும் எண்ணவேண்டாம். போரில் கணவனையோ மகனையோ இழந்த தாய்மார் பலர், எஞ்சிய இயந்திரத்தைச் சாரதி ஒருவரிடம் விட்டு வாடகைக்கு ஓட்டுகிறார்கள். சாரதி நேர்மையானவராகவே இருக்கலாம். ஆயினும் "பம்ப் வேலை" என்று பெருந்தொகைப் பற்றுச்சீட்டு வரும்போது, "பில்ரரில் தண்ணீர் பார்த்தீர்களா? காற்று எடுத்தீர்களா?" என்று கேட்கத் தெரிந்த தாயை ஏமாற்றுவது கடினம். ஒரு கொப்பியில் ஒயில் மாற்றிய நாள், வாங்கிய பாகம், கொடுத்த பணம் ஆகியவற்றை அவர் எழுதி வைத்தால் இன்னும் நல்லது.

எனவே மூன்று காரியங்களை முன்வைக்கிறோம். முதலாவது, கமக்காரர் அமைப்பும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் சேர்ந்து ஊருக்கு ஒரு பொதுக் கருவிப்பெட்டியை வைத்திருக்கவேண்டும். இரண்டாவது, காலபோக உழவுக்கு முன்னர் ஆவணியில் ஒருநாள், ஊர் இயந்திரங்களையெல்லாம் ஓரிடத்தில் நிறுத்திப் பரிசோதிக்கவேண்டும். 2016இல் அறிவியல்நகரில் திறக்கப்பட்ட இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் வாகன, விவசாய இயந்திரத் தொழில்நுட்பம் கற்பிக்கப்படுகிறது. அங்கு பயின்ற எமது பிள்ளைகள் அந்த நாளில் ஊருக்கு ஆசிரியராகட்டும். மூன்றாவது, இயந்திரம் வழங்கும் எந்த நிறுவனமும், திருச்சபை நிறுவனங்கள் உட்பட, பயிற்சியும் கருவிப்பெட்டியும் இல்லாமல் இயந்திரத்தை மட்டும் கொடுக்கக்கூடாது. பயனாளிகளும் இதை உரிமையோடு கேட்கவேண்டும். 1981இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், கருவியை விட உழைக்கும் மனிதனே முதன்மையானவன் என்று போதித்தார். கருவியைக் கொடுத்து அதை ஆளும் அறிவைக் கொடுக்காதிருப்பது அந்தப் போதனைக்கு முரணானது.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்கிறோம். பழைய பாகம் கிடைக்குமென்று காட்டுக்குள் கிடக்கும் வாகனங்களைத் தேடிப் போகாதீர்கள். பிள்ளைகளை இரும்பு பொறுக்க விடாதீர்கள். போர் முடிந்து 15 ஆண்டுகளுக்கு மேலாகியும் முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடி அகற்றி முடியவில்லை. ஒரு கியர்ச் சில்லு ஒரு காலுக்கு ஈடாகாது.

முறிகண்டியில் நிறுத்தாமல் ஏ9 பாதையைக் கடக்கும் சாரதி வன்னியில் குறைவு. எச்சமயத்தவராயினும் அது நல்ல வழக்கம். நிறுத்தியவர் அப்படியே குனிந்து இஞ்சினின் அடியில் ஒழுக்கு இருக்கிறதா, சில்லு நட்டுகள் இறுக்கமா, பெட்டியின் பின்விளக்கு எரிகிறதா என்றும் பார்த்துவிட்டுப் புறப்படட்டும். இறைவன் காப்பார் என்ற நம்பிக்கையோடு விளக்குக்கு எண்ணெயையும் கொண்டுபோன கன்னியரையே நற்செய்தி விவேகிகள் என்கிறது.