பள்ளிக்கு செல்போன் ஏன் கூடாது? பிள்ளைகளிடம் எப்படிப் பேசலாம்?

"எல்லாரும் கொண்டு வர்றாங்க, நான் மட்டும் ஏன் கொண்டு போகக் கூடாது?" உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளை உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "ஸ்கூல்ல பிடிச்சா டிசி குடுத்துடுவாங்க" என்று மிரட்டிவிட்டு முடித்துக்கொள்வதுதான் பல பெற்றோரின் வழக்கம். ஆனால் இதற்குப் பதில் சொல்ல விவரமான காரணங்கள் இருக்கின்றன.

விதி என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் மாணவர்கள் பள்ளிக்கு செல்போன் கொண்டு வரக் கூடாது. மீறிக் கொண்டு வந்தால் பறிமுதல் செய்யப்படும், திருப்பித் தரப்படாது என்று 2022-ல் பள்ளிக்கல்வித் துறை அமைச்சராக இருந்த அன்பில் மகேஷ் பொய்யாமொழி அறிவித்தார்.

டெல்லி உயர் நீதிமன்றம் 2025 தொடக்கத்தில் சற்று வேறு வழியைக் காட்டியது. முழுத் தடை நடைமுறைக்கு ஒத்துவராது. ஆனால் வகுப்பறையில் போன் பயன்படுத்தக் கூடாது, முடிந்தால் பள்ளியில் ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம், படம் எடுப்பதற்கும் பதிவு செய்வதற்கும் அனுமதி இல்லை என்று வழிகாட்டுதல் தந்தது. இணையத்தில் எப்படி நடந்துகொள்வது என்று மாணவர்களுக்குப் பள்ளி கற்றுத்தர வேண்டும் என்றும் சொன்னது.

வெளிநாடுகளில் பிரான்ஸ் 2018-லேயே சட்டம் போட்டுவிட்டது. நெதர்லாந்து 2024-லும், பிரேசில் 2025-லும் அதே பாதைக்கு வந்தன.

தடை மட்டும் போதுமா?

பிரிட்டனில் 2015-ல் வெளியான ஓர் ஆய்வு, போனுக்குத் தடை போட்ட பள்ளிகளில் தேர்வு மதிப்பெண் உயர்ந்ததாகக் கூறியது. அதில் அதிகப் பலன் பெற்றவர்கள் படிப்பில் பின்தங்கியிருந்த மாணவர்கள்தான்.

ஆனால் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் 30 பள்ளிகளில் நடத்தி 2025-ல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. தடை உள்ள பள்ளி, தடை இல்லாத பள்ளி இரண்டிலும் மாணவர்களின் மனநலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அதே நேரத்தில், நாள் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால், அதிக நேரம் போனில் இருக்கும் பிள்ளைகளின் மனநலம் மோசமாக இருந்தது.

பள்ளியின் விதி சாயங்காலம் மணி அடித்ததும் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வீடுதான் பொறுப்பு. கிராமப்புற இந்தியாவில் எடுக்கப்பட்ட ஏசர் 2024 கணக்கெடுப்பின்படி, 14 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரியும். இவர்களில் படிப்புக்காகப் பயன்படுத்தியவர்களைவிட சமூக வலைதளத்துக்காகப் பயன்படுத்தியவர்களே அதிகம்.

பிள்ளைகளிடம் என்ன பேசலாம்?

காரணத்தைச் சொல்லுங்க: கவனம் ஒருமுறை சிதறினால் பாடத்துக்கு முழுசாகத் திரும்ப 20 நிமிடம் வரை ஆகலாம் என்று யுனெஸ்கோவின் 2023 அறிக்கை சுட்டிக்காட்டியது. ஒரு பீரியட் 40 அல்லது 45 நிமிடம்தான். ஒரே ஒரு மெசேஜ் பார்த்தால் பாதி வகுப்பு போச்சு. இந்தக் கணக்கு பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.

கேமராவைப் பற்றிப் பேசுங்க: தூங்கும் நண்பனை விளையாட்டாகப் படம் எடுத்து குரூப்பில் போட்டால், அதை எத்தனை பேர் சேமித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. "உன்னை இப்படி எடுத்துப் போட்டா உனக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள்.

மறைக்கத் தேவையில்லை என்று சொல்லுங்க: இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். பள்ளியில் எடுத்த படத்தை வைத்து ஒரு பிள்ளையை யாரோ மிரட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 'போன் கொண்டு போனதே தப்பு, வீட்டில் சொன்னால் அடி விழும்' என்று நினைத்தால் அந்தப் பிள்ளை வாய் திறக்காது. மிரட்டுபவருக்கு வசதியாக இருப்பதே அந்தப் பயம்தான். "தப்பு நடந்திருந்தாலும் முதல்ல எங்ககிட்ட சொல்லு, திட்டு அப்புறம் பாத்துக்கலாம்" என்று பிரச்சினை வருவதற்கு முன்பே சொல்லி வையுங்கள். குழந்தைகள் உதவிக்கு 1098, சைபர் குற்றம் தொடர்பான நிதி மோசடிப் புகாருக்கு 1930 ஆகிய எண்களில் அழைக்கலாம். சைபர் குற்றப் பிரிவு காவல் நிலையத்திலும் நேரடியாகப் புகார் தரலாம்.

அவசரம் என்றால்?

டியூஷன் முடித்து இருட்டியபின் பஸ்ஸில் வரும் பிள்ளைக்கு போன் வேண்டும் என்று பெற்றோர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பள்ளி அனுமதித்தால், பட்டன் போனைக் காலையில் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு மாலையில் வாங்கிக்கொள்ளலாம். சர்க்கரை அளவைக் காட்டும் கருவி போனோடு இணைக்கப்பட்டிருப்பது போன்ற மருத்துவத் தேவை இருந்தால், தலைமை ஆசிரியரிடம் மருத்துவர் சான்றுடன் எழுதிக் கொடுத்து முன்கூட்டியே அனுமதி கேட்பது நல்லது.

பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு. வகுப்பு நேரத்தில் "சாப்பிட்டியா?" என்று பிள்ளைக்கு போன் போட்டால் விதியை மீறச் சொல்வது நாம்தான். அவசரம் என்றால் பள்ளி அலுவலகத்துக்கு அழையுங்கள். அந்த எண்ணைப் பிள்ளைக்கும் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள். போன் பறிமுதலானால் பிள்ளை முன்னாலேயே டீச்சரிடம் சண்டைக்குப் போகாமல், என்ன நடந்தது என்று இரண்டு பக்கமும் கேளுங்கள். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போனை ஓரமாக வைக்கும் விதியை வீட்டில் கொண்டு வந்தால், அது அப்பா அம்மாவுக்கும் சேர்த்தே இருக்கட்டும்.