இரண்டு வாளித் தண்ணீர்

போன வருஷம் தஞ்சாவூரில் ஒரு பள்ளி ஆண்டு விழா. அக்கா மகனுக்கு ஓவியத்தில் பரிசு என்று போயிருந்தேன். சிறப்பு விருந்தினர் பரிசைக் கொடுத்து முடித்துவிட்டு மைக்கைப் பிடித்தார். ராத்திரி பகலாக ஃபோனில் வீடு கட்டி விளையாடும் இந்தப் பிள்ளைகள் மண்ணை மறந்த தலைமுறை என்றார். சோழநாட்டில் பிறந்துவிட்டு நெல் எந்த மரத்தில் காய்க்கும் என்று கேட்பார்கள் என்றார். மூளையில் டோபமைன் சுரக்கிறது, அதனால்தான் அடிமையாகிறார்கள் என்று அறிவியலும் சொன்னார். பலத்த கைத்தட்டல். பக்கத்து நாற்காலியில் இருந்த அப்பா ஒருவர் திரும்பித் தன் மகனை முறைத்தார். என் அக்கா மகன் என் சட்டையை இழுத்து, "மாமா, நான் ராத்திரி பூரா மண்ணுதானே வெட்டுறேன்?" என்றான்.

இந்தக் கட்டுரை அவனுக்கான பதில். அந்தப் பேச்சாளருக்கும் சேர்த்துத்தான்.

அவன் ஆடுவது மைன்கிராஃப்ட். 2009இல் மார்கஸ் பெர்ஸன் என்ற ஸ்வீடன்காரர் எழுதி இணையத்தில் விட்டது. 2011 நவம்பரில் முழு வடிவம் வந்தது. 2014இல் மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கியது. 2023இல் 30 கோடிப் பிரதிகளைத் தாண்டிவிட்டதாக அறிவித்தார்கள். உலகில் இவ்வளவு விற்ற வீடியோ கேம் வேறு இல்லை. ஆனால் திறந்து பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். எல்லாமே ஒரு மீட்டர் நீள அகல உயரமுள்ள கட்டிகள். மண் கட்டி, கல் கட்டி, மரக் கட்டி. வெட்டலாம், எடுக்கலாம், வேறு இடத்தில் வைக்கலாம். அவ்வளவுதான். கடைசியில் ஒரு டிராகன் உண்டு, அதைக் கொன்ற பிறகும் ஆட்டம் முடியாது. நான் ஐந்து வருஷம் ஆடியும் அந்த டிராகனின் மூஞ்சியைப் பார்த்ததில்லை.

இதில் எதற்கு ஒருவன் விடிய விடிய உட்கார வேண்டும்?

டோபமைன் என்ற சொல் நம்மூர் மேடைகளில் பழைய 'கலிகாலம்' இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது. எதைக் கேட்டாலும் அதுதான் காரணம். அடுப்பில் மீன்குழம்பு கொதிக்கும் வாசனைக்கும் அதே டோபமைன்தான் வேலை செய்கிறது, அதற்கு யாரும் ஆலோசனை மையம் நடத்துவதில்லை. எப்போது பரிசு விழும் என்று தெரியாமல் ஒருவனைத் திரும்பத் திரும்பப் பொத்தானை அழுத்தவைக்கும் ஆட்டங்கள் உண்டு. ஸ்கின்னர் புறாக்களை வைத்துக் காட்டியது அதைத்தான். ஆன்லைன் ரம்மி அந்த ஜாதி. அது குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியது, அதற்காக 2022இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே போட்டோம். சரிதான். ஆனால் அதே வாயால் மைன்கிராஃப்டையும் சேர்த்து 'கேம் போதை' என்பது கள்ளையும் பதநீரையும் ஒரே பானையில் ஊற்றுவது. மைன்கிராஃப்டில் கிரியேட்டிவ் மோட் என்று ஒன்று இருக்கிறது. அதில் மதிப்பெண் இல்லை, நாணயம் இல்லை, எதிரி உங்களை ஒன்றும் செய்ய முடியாது, எல்லாக் கட்டிகளும் அளவில்லாமல் இலவசம். பரிசு என்று எதுவுமே கிடையாது. அங்கேதான் பிள்ளைகள் மாதக்கணக்கில் கோட்டை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பரிசே இல்லாத இடத்தில் பரிசுக்கு அடிமையாவது எப்படி? மேடைக்காரர்கள் சொல்லட்டும்.

வில் ரைட் என்ற அமெரிக்கர் 1984இல் ஹெலிகாப்டரிலிருந்து தீவுகள்மேல் குண்டு போடும் ஆட்டம் ஒன்றைச் செய்தார். குண்டு போடத் தீவுகள் வேண்டுமே, அவற்றை வரைய ஒரு சின்னக் கருவியையும் எழுதிக்கொண்டார். கொஞ்ச நாளில் குண்டு போடுவதைவிடத் தீவில் ரோடு போடுவதுதான் தனக்குப் பிடித்திருக்கிறது என்று கண்டுகொண்டார். 1989இல் அது சிம்சிட்டி ஆனது. இந்த வகை ஆட்டங்களின் பரம்பரை இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது, அழிக்கும் வேலையைவிடக் கட்டும் வேலை ஒரு ஆளை அதிக நேரம் பிடித்துவைக்கிறது என்பதில்.

ஏன் பிடித்துவைக்கிறது என்பது டெல்டாக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்தச் சம்சாரியாவது "வயல் வேலை முடிஞ்சிடுச்சு" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? உழுதால் வரப்பு வெட்டணும், வரப்பு வெட்டினால் நண்டு வளை அடைக்கணும், தண்ணி கட்டணும், நடணும், களை எடுக்கணும். ஒரு வேலை முடியும் இடத்தில் அடுத்த வேலை எட்டிப் பார்க்கும். மைன்கிராஃப்டிலும் அதேதான். சுவர் எழுப்பினால் கூரை கேட்கும், கூரைக்கு மரம் வேண்டும், மரத்துக்குக் கோடரி, கோடரிக்கு இரும்பு, இரும்புக்குச் சுரங்கம், சுரங்கத்துக்கு விளக்கு. நிறுத்தும் இடத்தை ஆட்டம் சொல்லாது, நீங்கள்தான் முடிவு பண்ண வேண்டும், உங்களால் முடியாது. இன்னொன்றும் உண்டு. அங்கே போட்ட பயிர் நீங்கள் அதன் சுற்றுவட்டாரத்தில் இருந்தால்தான் வளரும். தூரமாகப் போய்விட்டால் அந்த நிலம் அப்படியே உறைந்து நிற்கும். பாராத பயிர் பாழ் என்ற நம் பழமொழியை ஸ்வீடன்காரன் எப்படியோ நிரலாக எழுதிவைத்துவிட்டான். (நெல் மட்டும் கிடையாது. கோதுமைதான். அதை இன்னும் நான் மன்னிக்கவில்லை.)

இப்போது என் கதை.

2016. நான் தஞ்சாவூரில் என்ஜினீயரிங் இரண்டாம் வருஷம், ஹாஸ்டலில். வீடு திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடை. வெண்ணாற்றின் கிளைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, இளைத்து, கடலுக்கு முன்னால் களைத்துப் படுக்கும் இடம். போர் போட்டால் உப்புத்தண்ணி. எனவே மேட்டூர் திறந்தால்தான் எங்களுக்கு விவசாயம், இல்லையென்றால் மழை. திறந்தாலும் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள், எங்கள் வாய்க்காலுக்கு எப்போது வரும் என்பது மேலே இருக்கிற எல்லோரும் கட்டி முடித்த பிறகு தெரியும். அந்த வருஷம் ஜூன் 12இல் மேட்டூர் திறக்கவில்லை. செப்டம்பரில் திறந்தார்கள். அப்பா ஒன்பது மாவிலும் நேரடி விதைப்பு செய்தார். முளைத்தது. அதற்குப் பிறகு வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைவு. பயிர் ஒரு சாண் உயரத்தில் நின்று, பிறகு நிற்கவில்லை. அடுத்த ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி என்று அரசு அறிவித்தது. அந்த அறிவிப்புக்கு முன்பே டெல்டாவில் பல வீடுகளில் சாவு விழுந்திருந்தது.

அந்த நவம்பர், டிசம்பரில்தான் நான் மைன்கிராஃப்டில் விழுந்தேன். ரூம்மேட் ஃபோனில் காட்டினான். முதல் நாளே எங்கள் ஊரைக் கட்ட ஆரம்பித்துவிட்டேன். வாய்க்கால் வெட்டினேன். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் சமதளத்தில் ஏழு கட்டி தூரம் ஓடும், பிறகு நின்றுவிடும். பக்கத்தில் நான்கு கட்டி தூரம்வரை நிலம் நனையும். ஏழாவது கட்டியோடு நின்ற தண்ணீரைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கேயும் கடைமடை இருக்கிறதே என்று.

ரூம்மேட்தான் அந்த வித்தையைச் சொன்னான். இரண்டுக்கு இரண்டு என்று சின்னக் குழி ஒன்று வெட்டு. எதிரெதிர் மூலையில் ஒவ்வொரு வாளி ஊற்று. இனி அதிலிருந்து எவ்வளவு மொண்டாலும் குறையாது. மொண்டு பார்த்தேன். குறையவில்லை. பத்து வாளி, இருபது, ஐம்பது. குழி நிறைந்தே இருந்தது.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. அதை டோபமைன் என்று சொல்பவர் ஒரு தடவையாவது முறைப்பாசனத்தில் தன் முறைக்காக ராத்திரி இரண்டு மணிக்கு மண்வெட்டியோடு மடையில் உட்கார்ந்திருக்க வேண்டும். 2018 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் 177.25 டிஎம்சி என்று தீர்ப்பு எழுதியதற்குப் பின்னால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சண்டை இருக்கிறது. எனக்கு இரண்டு வாளியில் முடிந்தது. மேலே யாரும் இல்லை. கீழேயும் யாரும் இல்லை. கலெக்டர் இல்லை, பொதுப்பணித்துறை இல்லை. நான் வெட்டிய வரப்பு நான் விட்ட இடத்தில் விட்டபடி இருந்தது.

இதற்குத்தான் நான் அடிமையானேன். செய்த வேலை செய்த இடத்தில் இருக்கும், செய்தவனுக்கே இருக்கும் என்ற ஒரு வாக்குறுதிக்கு. நிஜத்தில் இந்த மண்ணில் அந்த வாக்குறுதி பெரும்பாலோருக்கு ஒருபோதும் கிடைத்ததில்லை. கல்லணை என்றால் கரிகாலன். காவிரிக்குக் கரை கட்ட இலங்கையிலிருந்து 12,000 பேரைச் சோழ மன்னன் சிறைபிடித்து வந்தான் என்று சிங்கள நூலான ராஜாவலியவில் ஒரு கதை உண்டு. கதையாகவே இருக்கட்டும். கதையில்கூட மண் சுமந்தவனுக்குப் பெயர் இல்லை, எண்ணிக்கைதான். பெரிய கோயிலை எடுங்கள். 1010இல் முடிந்த அந்தக் கோயிலின் கல்வெட்டில் பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயர் இருக்கிறது, தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயர் இருக்கிறது. பாறையே இல்லாத இந்த வண்டல் பூமிக்கு அத்தனை கருங்கல்லையும் வெளியிலிருந்து இழுத்துவந்தவர்களின் பெயரைக் காட்டுங்கள் பார்ப்போம். பழைய தஞ்சை மாவட்டத்தில் வாய்க்கால் தூர்வாரி, நாற்று நட்டு, கதிர் அறுத்தவன் பண்ணையாள். விளைந்தது அவனுடையது அல்ல, குடிசை நின்ற இடமும் அவனுடையது அல்ல. கூலி கூட்டிக் கேட்டதற்கு 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிந்தார்கள். 'மண்ணை மறந்த தலைமுறை' என்று மேடையில் உருகும்போது எந்த மண், யாருடைய மண் என்பதையும் ஒரு வரி சொல்லிவிட்டு உருகலாம்.

சரி, நிலம் உள்ள வீட்டுக்கே வருவோம். நம் டெல்டாவில் எந்த அப்பாவாவது மகனைக் கூப்பிட்டு மண்வெட்டி கொடுத்திருக்கிறாரா? சின்ன வயதில் நான் ஆசையாக மடை திறக்கப் போனால் அப்பா கத்துவார்: "ஏறு தம்பி மேல. சேத்துல கால் வைக்கறது எங்களோட போவட்டும். நீ போய் படி." பாசம்தான். ஒவ்வொரு தெருவிலும் இதே குரல். அறுபது எழுபது வருஷமாக நாம் உழைத்து உழைத்து ஒரே ஒரு விஷயத்தைச் சாதித்தோம், பிள்ளைகளின் கையிலிருந்து மண்ணைப் பிடுங்கினோம். பதிலுக்குக் கொடுத்தது கோச்சிங் சென்டர். அங்கே செய்கிற வேலை எங்கே போகிறது என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போர்வைக்குள் அது மண் வெட்டுகிறது என்றால் எதற்கு ஆச்சரியம்? நீங்கள் பிடுங்கியதை அது எடுத்துக்கொண்டிருக்கிறது.

அதனால் ஆட்டம் நல்லது, ஆடவிடுங்கள் என்று எழுதிவிட்டுப் போனால் நானும் அந்த மேடைக்காரர் மாதிரிதான். எனக்கு அந்த செமஸ்டரில் இரண்டு பேப்பர் போனது. அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. டிசம்பரில் ஒரு நாள் அப்பா ஃபோன் செய்து, "இந்த வாரம் வர்றியா தம்பி?" என்றார். அவர் அப்படிக் கூப்பிடுகிற ஆள் இல்லை. கருகின வயலை மாட்டுக்கு விட்டுவிட்டார் என்று அம்மா முதல் நாளே சொல்லியிருந்தாள். "லேப் இருக்குப்பா" என்றேன். லேப் இல்லை. என் வாய்க்கால் முடியாமல் இருந்தது. குறையாத தண்ணீர் இருக்கிற இடத்தை விட்டுவிட்டுத் தண்ணீர் இல்லாத இடத்துக்குப் போகப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் காரணம்.

இந்த ஆட்டங்களைப் படைப்பூக்கம், கற்பனை வளம் என்று கொண்டாடுகிறவர்கள்மீது எனக்குள்ள கோபம் இங்கே இருக்கிறது. அந்த உலகம் கணினியில் ஆறு கோடி மீட்டர் நீளம், ஆறு கோடி மீட்டர் அகலம். பூமியின் மேற்பரப்பைப்போல ஏழு மடங்கு. அவ்வளவு நிலத்திலும் எதை வெட்டினாலும் ஏனென்று கேட்க யாரும் இல்லை. கட்டுவது என்றால் பக்கத்து வயல்காரனோடு பேசுவது, மேல்மடைக்காரன் காலில் விழுவது, கீழ்மடைக்காரனுக்குக் கொஞ்சம் விடுவது என்பதெல்லாம் அங்கே கிடையாது. நிஜக் காவிரியில் கஷ்டமான வேலை அது ஒன்றுதான். மண் வெட்டுவது சுலபம். தனியாக ஆடும்போது ஆட்டம் அந்தக் கஷ்டமான பாதியை அப்படியே மறைத்துவிடுகிறது, மறைத்ததால்தான் அவ்வளவு இனிக்கிறது.

என் அக்கா மகனிடம் இதைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப நானும் என் ஃப்ரெண்டும் சேர்ந்து ஆடினா?" என்றான். போன மாதம் இரண்டு பேரும் ஒரே உலகத்தில் பக்கத்துப் பக்கத்து வயல் போட்டு, வரப்பைத் தள்ளி வெட்டிவிட்டான் என்று சண்டை போட்டு, மூன்று நாள் பேசாமல் இருந்தார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

அப்பா ஒரே ஒரு முறை என் ஊரைப் பார்த்தார். 2017 பொங்கலுக்குப் போயிருந்தேன். பொங்கல் என்று சொல்ல அந்த வருஷம் பெரிதாக ஒன்றும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து ஃபோனில் கோதுமை அறுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். ஃபோனை வாங்கிக் கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இது நம்ம வாய்க்காலா?"

"ஆமாப்பா."

"தண்ணி எங்கேருந்து வருது?"

குழியைக் காட்டினேன். குறையாது என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஃபோனை இப்படியும் அப்படியும் திருப்பினார். கொஞ்ச நேரம் கழித்து, "எல்லாம் சரி. வடிகால் எங்க தம்பி?" என்றார். "இவ்வளவு தண்ணிய உள்ள விட்டா, மழையும் பேஞ்சா, எங்க போவும்? கீழ உள்ளவன் பயிரு அழுவிடும்ல?"

அன்று ராத்திரி உட்கார்ந்து வடிகால் வெட்டினேன். எங்கள் வயலின் கிழக்கு மூலையிலிருந்து, நிஜத்தில் போகிற மாதிரியே, ஊரைச் சுற்றிக் கடல்வரைக்கும். மூன்று மணி நேரம் ஆனது. அந்த உலகத்தில் மழை பெய்யும், ஆனால் தேங்காது. வடிகாலில் ஒரு சொட்டு ஓடவில்லை. காலையில் அப்பாவிடம் காட்டினேன். ஓரமாக விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு அடி ஆழம் வேணும்" என்றார்.