மூன்றாவது மாடி வீட்டுக்கு ஒரு மோட்டார் படகு

டிவி கேம் ஷோ நடத்துபவர்களிடம் ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. யார் ஜெயிக்கப் போகிறார் என்பது தெரியும் முன்பே அவருக்கு என்ன பரிசு என்று முடிவு செய்துவிடுவார்கள். எங்கள் சாப்ட்வேர் தொழிலில் இப்படி வேலை செய்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பயன்படுத்தப் போகிறவர் யார், அவருக்கு என்ன தேவை என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் நாங்கள் கீபோர்டில் கை வைப்போம். (எழுதி வாங்கியதைத்தான் செய்து கொடுக்கிறோமா என்று கேட்காதீர்கள்!)

இதற்குப் பெயர் போன நிகழ்ச்சி பிரிட்டனின் ‘புல்ஸ் ஐ’. ஐடிவி சேனலில் 1981 முதல் 1995 வரை ஜிம் போவன் நடத்தினார். இரண்டு பேர் ஜோடியாக வர வேண்டும். ஒருவர் டார்ட் எனப்படும் கூர்முனை அம்பை வட்டப் பலகையில் எறிவார், மற்றவர் கேள்விக்குப் பதில் சொல்வார். கடைசிச் சுற்றில் இருவரும் ஆளுக்கு மூன்று அம்பு எறிந்து மொத்தம் 101 புள்ளி எடுத்தால், மறைத்து வைத்திருக்கும் பெரிய பரிசு அவர்களுக்கு. அந்தப் பரிசு சில வாரங்களில் வேகப் படகாக இருந்தது. கடலுக்கு வெகுதூரத்தில், உள்நாட்டு நகரத்தில் அடுக்குமாடி வீட்டில் இருப்பவருக்குப் படகு! அதுவும் இரண்டு பேருக்குச் சேர்த்து ஒன்று. பாதியாக அறுத்து எடுத்துக்கொள்ளவும் முடியாது. பிரிட்டனில் இன்றும் இது ஒரு ஜோக். தோற்றுப் போனவர்களுக்கும் திரையை விலக்கி, “நீங்கள் ஜெயித்திருந்தால் இதுதான்” என்று காட்டுவார்கள். படகைப் பார்த்துச் சிலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார்கள் என்பது என் யூகம்.

அமெரிக்காவின் ‘வீல் ஆஃப் பார்ச்சூன்’ 1975ல் தொடங்கியபோது வேறு மாதிரி. ஜெயித்த தொகையைக் கையில் தர மாட்டார்கள். ஸ்டுடியோவில் அலங்கரித்து வைத்திருக்கும் பொருள்களில் அந்தத் தொகைக்குள் எதையாவது வாங்கியாக வேண்டும். நாற்காலி, விளக்கு, சுற்றுலா என்று வாங்கிய பிறகு கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்துக்குள் அடங்குவது எது என்று தேடினால் பீங்கானில் செய்த டால்மேஷியன் நாய் நிற்கும்! அந்த நாய் அந்நாட்டில் தனிப் புகழே பெற்றுவிட்டது. மாலை நேர நிகழ்ச்சியில் 1987ல்தான் இந்தக் கடை முறையை எடுத்துவிட்டுப் பணமாகவே தரத் தொடங்கினார்கள். பகல் நிகழ்ச்சியில் இன்னும் இரண்டு ஆண்டு ஆனது.

ஏன் இப்படி? பணக்கட்டைக் கேமராவில் காட்டினால் பார்க்க ஒன்றுமில்லை. படகைக் காட்டினால் அரங்கமே ஆவென்று வாய் பிளக்கும். தவிர, பொருளைத் தயாரிக்கும் கம்பெனிக்கு அது விளம்பரம். நிகழ்ச்சி நடத்துபவருக்குச் செலவு குறைவு. ஆக, பரிசு உண்மையில் ஜெயித்தவருக்காக அல்ல, வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் நமக்காகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. நம் ஊர் டிவியில் தங்கத்தைப் பரிசாகக் கொடுத்த ‘தங்க வேட்டை’ இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். தங்கத்தை எங்கே நிறுத்துவது என்று யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள்.

தேவையில்லாத பரிசு சும்மா மூலையில் கிடந்தால் பரவாயில்லை. அது காசு கேட்கும் என்பதுதான் பிரச்சினை. பரிசுப் பொருளின் மதிப்பு அமெரிக்காவில் வருமானமாகக் கணக்கிடப்படுகிறது. 2004 செப்டம்பர் 13 அன்று ஓப்ரா வின்ஃப்ரி தன் நிகழ்ச்சிக்கு வந்த 276 பேருக்கு ஆளுக்கொரு பான்டியாக் கார் கொடுத்தார். அவர்கள் கார் தேவைப்படுகிறவர்கள் என்று பார்த்தே அழைக்கப்பட்டவர்கள். பொருத்தமான பரிசுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காருக்கான வருமான வரி, அவரவர் வருமானத்தைப் பொறுத்து சுமார் 7,000 டாலர் வரை போகும் என்று பிறகுதான் பலருக்கு உறைத்தது. கார் வாங்க வசதி இல்லாதவரிடம் 7,000 டாலர் ரொக்கம் எங்கே இருக்கும்?

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பழைய வழக்கு. 1948ல் ஒரு அமெரிக்கருக்கு வானொலிப் போட்டியில் நியூயார்க்கிலிருந்து பியூனஸ் ஏர்ஸ் போய்வர இரண்டு முதல் வகுப்புக் கப்பல் டிக்கெட் பரிசாக விழுந்தது. விலை 2,220 டாலர். அவர் மனைவி பிரேசிலில் பிறந்தவர், இரண்டு மகன்கள். முதல் வகுப்பு உல்லாசப் பயணம் அவர்களுக்கு எதற்கு? கப்பல் கம்பெனியிடம் பேசி, கையிலிருந்து 12.50 டாலர் சேர்த்துக் கட்டி, ரியோ டி ஜெனிரோவுக்குச் சாதாரண வகுப்பில் நான்கு டிக்கெட்டாக மாற்றிக்கொண்டார். குடும்பமே மனைவியின் நாட்டுக்குப் போய் வந்தது. கெட்டிக்காரர்!

வரிக் கணக்கில் அவர் காட்டியது 520 டாலர். வருமான வரித்துறை 2,220 என்றது. 1954ல் வரி நீதிமன்றம், இந்த டிக்கெட்டுகள் இவர்களுக்கு வழக்கமாகத் தேவைப்படும் பொருள் அல்ல, சொந்தக் காசில் இப்படிச் செலவு செய்திருக்கவும் மாட்டார்கள் என்பதை ஏற்றுக்கொண்டு, மதிப்பு 1,400 டாலர் என்று தீர்த்தது. அந்த 1,400 எப்படி வந்தது என்று தீர்ப்பில் விளக்கம் இல்லை. பார்முலா தெரியாததால் என்னால் அதைப் புரோகிராமாக எழுத முடியாது. ஆனால் விலை வேறு, வாங்குகிறவருக்கு அதன் மதிப்பு வேறு என்பதை ஒரு நீதிமன்றமே ஒப்புக்கொண்டது பெரிய விஷயம்.

நம் நாட்டுச் சட்டம் இந்த அளவு இரக்கம் காட்டுவதில்லை. போட்டிப் பரிசுக்கு 30 சதவீதம் வரி, அதற்கு மேல் 4 சதவீதம் செஸ். உங்களுக்கு வேறு வருமானமே இல்லாவிட்டாலும் இந்த வரி உண்டு. செலவு எதையும் கழிக்க முடியாது. பரிசு பொருளாக இருந்தால், வரி கட்டியாகிவிட்டது என்று உறுதி செய்துகொண்ட பிறகே நடத்துபவர் பொருளைக் கொடுக்க வேண்டும்.

உங்கள் புதுக் கம்ப்யூட்டர் இங்கே உதவும். எக்செல் திறந்து, ஒன்றன் கீழ் ஒன்றாக நான்கு எண்களைப் போடுங்கள். உதாரணமாக, 2 லட்ச ரூபாய் மதிப்புள்ள வெளிநாட்டுச் சுற்றுலா விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெயர் மாற்றி யாருக்கும் விற்க முடியாது. முதல் செல்லில் 2,00,000. அதன் கீழே 30 சதவீதம், அதாவது 60,000. அதற்கும் கீழே அந்த வரியில் 4 சதவீதம், 2,400. நான்காவது செல்லில்தான் விஷயம் இருக்கிறது: பரிசு என்பதை மறந்துவிட்டு, இதே சுற்றுலாவை உங்கள் காசில் வாங்குவதானால் அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பீர்கள்? உண்மையைப் போடுங்கள், யாரும் பார்க்கவில்லை. 40,000 என்று போட்டால், அதிலிருந்து வரி 62,400ஐக் கழிக்க, விடை மைனஸ் 22,400. பாஸ்போர்ட், விசா செலவு இன்னும் சேர்க்கவில்லை! விற்கக்கூடிய பொருளாக இருந்தால் நான்காவது செல்லில் கடைக்காரர் கொடுக்கும் விலையைப் போடலாம். நடத்துபவரே வரியைக் கட்டுவதாக விதிமுறையில் இருந்தால் நடுவில் உள்ள இரண்டு செல்களும் பூஜ்யம்.

வரி கட்டினால்தான் பரிசு என்ற இந்த விதியை ஏமாற்றுக்காரர்களும் நன்றாகப் படித்திருக்கிறார்கள். ‘கவுன் பனேகா குரோர்பதி’யின் பெயரைப் போலியாகப் பயன்படுத்தி, 25 லட்சம் விழுந்திருக்கிறது, முதலில் வரியைக் கட்டுங்கள் என்று பலருக்கும் செய்தி அனுப்பியவர்கள் இவர்கள். நீங்கள் கலந்துகொள்ளாத போட்டியில் உங்களுக்குப் பரிசு விழாது. வருமான வரி அரசுக் கணக்குக்கு உங்கள் பான் எண்ணில் போகும்; எவரோ ஒருவரின் வங்கிக் கணக்குக்குப் போகாது. பணம் அனுப்பிவிட்டிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

நிகழ்ச்சி நடத்துபவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. போட்டிக்கு விண்ணப்பிக்கும் படிவத்தில் பெயர், வயது, ஊர் எல்லாம் கேட்கிறீர்கள். “பொருளா, பணமா?” என்று இன்னொரு கட்டம் சேருங்கள். படகை மேடையில் நன்றாகச் சுற்றிக் காட்டுங்கள், விளம்பரம் செய்யுங்கள். பணம் என்று டிக் செய்தவருக்கு, நீங்கள் அந்தப் படகுக்கு என்ன கொடுத்தீர்களோ அதைக் கொடுத்தால் போதும், கடை விலை கூட வேண்டாம். கம்பெனி படகை இலவசமாகக் கொடுத்தது, எங்கள் கையிலிருந்து பணம் எப்படித் தருவது என்பார்கள். அப்படியானால் நிகழ்ச்சி முடிந்ததும் படகை அதே கம்பெனியிடம் திருப்பிக் கொடுத்து, கிடைக்கும் தொகையை ஜெயித்தவரிடம் கொடுக்கட்டும். அந்தத் தொகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், மூன்றாவது மாடிக்குப் படிக்கட்டு வழியாகத் தூக்கிக்கொண்டு போகலாம்.