மடியில் வைக்காத மடிக்கணினி

போன தடவை பங்குச்சந்தை பற்றி எழுதி எல்லாரையும் தூங்க வைத்தேன். இந்தத் தடவை சொந்தக் கதை, சோகக் கதை. கதையோடு ஒரு கருத்தும் இருக்கிறது, கடைசி வரை படியுங்கள்.

விஷயம் இதுதான். "டெஸ்க்டாப்புக்குப் பதிலாக ஒரு பவர்ஃபுல் கேமிங் லேப்டாப் வாங்கிட்டா போதும், வீட்லயும் வச்சுக்கலாம், தூக்கிட்டும் போகலாம்" என்று ஒரு நம்பிக்கை நம்ம பசங்களிடம் ஊறிப் போயிருக்கிறது. நானும் அப்படி நம்பியவன்தான். நம்பி, அம்மா எடுத்த சீட்டுப் பணத்தில் 98,000 ரூபாய்க்கு ஒன்றை வாங்கினேன். இப்போது என் கருத்தைக் கேட்டால், மேசையை விட்டு நகராத ஆளுக்கு அது தண்டச்செலவு. ஏன் என்று சொல்கிறேன்.

வீட்டில் நான் சொன்ன காரணம்: "பி.காம் படிக்கிறேன், சி.ஏ.வும் படிக்கிறேன், எக்செல் ஓடணும், டேலி ஓடணும்." எக்செல் ஓட ஆர்.டி.எக்ஸ் 4060 எதற்கு என்று கேட்க எங்கள் வீட்டில் ஆள் இல்லை. 2016-ல் அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசு மடிக்கணினியிலேயே எக்செல் நன்றாக ஓடியது என்பது எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. அப்பா மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஹாஸ்டல்ல டேபிள் மேலயே வச்சுக்கப் போறேன்னா, எதுக்குடா மடிக்கணினி?" நான் சிரித்து மழுப்பிவிட்டேன். மளிகைக் கடைக்காரருக்கு என்ன தெரியும் என்ற எண்ணம்தான், வேறென்ன.

திருச்சி ஹாஸ்டல் அறைக்கு வந்தது. முதல் வாரம் கட்டிலில் படுத்துக்கொண்டு விளையாடினேன். தொடை வெந்தது. மேசைக்குப் போனது. 15 அங்குலத் திரையைக் குனிந்து பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது, அதனால் 9,500-க்கு ஒரு மானிட்டர். சூடு தாங்காமல் விசைப்பலகையில் விரல் வைக்க முடியவில்லை, அதனால் தனியாக ஒரு கீபோர்டும் மவுஸும் 2,000. அடியில் காற்று போகட்டும் என்று கூலிங் பேட் 1,800. இப்போது எண்ணிப் பாருங்கள். தனி மானிட்டர், தனி கீபோர்டு, தனி மவுஸ், பின்னால் செங்கல் மாதிரி 230 வாட் அடாப்டர். இதற்குப் பெயர் டெஸ்க்டாப் இல்லாமல் வேறென்ன? சி.பி.யு பெட்டி மட்டும் தட்டையாக இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பதினான்காம் மாதம் டச்பேட் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. தூசி போயிருக்கும் என்று அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். (இதை மட்டும் யாரும் செய்து விடாதீர்கள்!) சர்வீஸ் கடைக்குக் கொண்டு போனேன். அந்த அண்ணன் அடிப்பக்கத்தைக் கழற்றியதும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது.

"தம்பி, எந்நேரமும் சார்ஜ்லயே போட்டு வச்சிருந்தியா?"

"ஆமாண்ணே. டெஸ்க்டாப் மாதிரி யூஸ் பண்ணேன்."

"டெஸ்க்டாப்புல பேட்டரி இல்லப்பா, இதுல இருக்குல்ல?"

அவ்வளவுதான் மேட்டர். லித்தியம் அயன் பேட்டரிக்கு இரண்டு எதிரிகள். ஒன்று, எப்போதும் 100 சதவீதம் நிரம்பியே இருப்பது. இரண்டு, சூடு. முழு சார்ஜில் சூட்டோடு மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் சிதைந்து வாயு உண்டாகி, பை உப்பும். கேமிங் லேப்டாப்பை மேசையில் நிரந்தரமாக வைக்கும்போது நாம் இந்த இரண்டையும் ஒன்றாகவே கொடுக்கிறோம். இதற்காகத்தான் பல கம்பெனிகள் சார்ஜை 60 அல்லது 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதியைத் தங்கள் மென்பொருளிலேயே வைத்திருக்கிறார்கள். என்னுடையதிலும் இருந்தது. நான்தான் பார்க்கவில்லை. புது பேட்டரி 8,200 ரூபாய். அன்று சாயங்காலம் கேன்டீனில் டீயைக் குடித்துவிட்டு, ரஃப் நோட்டை எடுத்துக் கணக்குப் போட உட்கார்ந்தேன். காமர்ஸ் படிக்கிறவனுக்கு வேறென்ன தெரியும்?

என் செலவு: லேப்டாப், மானிட்டர், கீபோர்டு-மவுஸ், கூலிங் பேட், பேட்டரி எல்லாம் சேர்த்து 1,19,500. மூன்று வருடம் கழித்து விற்றால், பழைய சாமான் வாங்கும் கடைகளில் விசாரித்த வரை, எல்லாம் சேர்த்து 35,000 தேறலாம். நேர்கோட்டு முறையில் தேய்மானம்: 84,500-ஐ 36 மாதத்தால் வகுத்தால், மாதம் சுமார் 2,350.

அடுத்த கட்டில் நண்பன், அதே காலத்தில், அதே 4060 கார்டு போட்டு, மானிட்டரோடு 72,000-க்கு ஒரு பெட்டியை அசெம்பிள் பண்ணியிருந்தான். யு.பி.எஸ் 3,500. மொத்தம் 75,500. மூன்று வருடம் கழித்து 30,000-க்கு விற்கிறான் என்று வையுங்கள். மாதம் சுமார் 1,265.

வித்தியாசம் மாதம் 1,085 ரூபாய். இந்தப் பணத்தை நான் எதற்குக் கொடுக்கிறேன்? "தூக்கிட்டுப் போகலாம்" என்ற உரிமைக்கு. சரி, பதினான்கு மாதத்தில் எத்தனை தடவை தூக்கினேன்? தீபாவளி, பொங்கல், இரண்டு செமஸ்டர் லீவு, அந்த சர்வீஸ் கடை. மொத்தம் ஐந்து. 14 மாதத்துக்கு 15,000 சொச்சம், ஐந்தால் வகுத்தால் ஒரு தடவை தூக்க மூவாயிரம் ரூபாய். இதில் ஐந்தாவது தடவை, தூக்காமலே வைத்திருந்ததால் கெட்டுப்போனதைச் சரி பண்ணத் தூக்கியது!

"சரிப்பா, காசை விடு, வேகம் ஒன்றுதானே?" என்பீர்கள். அங்கேதான் பெயரில் ஒரு விளையாட்டு இருக்கிறது. 4060 வரைக்கும் பரவாயில்லை, லேப்டாப்பிலும் டெஸ்க்டாப்பிலும் 3,072 கோர்கள்தான். அதற்கு மேலே போகப் போக, பெயர் ஒன்று, சரக்கு வேறு. டெஸ்க்டாப் 4070-ல் 5,888 கோர்கள், 12 ஜிபி நினைவகம். லேப்டாப் 4070-ல் 4,608 கோர்கள், 8 ஜிபி. டெஸ்க்டாப் 4090-ல் 16,384, லேப்டாப் 4090-ல் 9,728. டெஸ்க்டாப் 4090 கார்டுக்கு மட்டும் 450 வாட் தேவை, அதை இரண்டு விரல் தடிமனுக்குள் யாராலும் அடக்க முடியாது. ஆகவே வேறொரு சிறிய சிப்பைப் போட்டு, அதே எண்ணை ஒட்டி விற்கிறார்கள். போதாக்குறைக்கு, ஒரே பெயர் கொண்ட லேப்டாப் கார்டுக்கு ஒரு மாடலில் குறைந்த வாட், இன்னொரு மாடலில் அதிக வாட். அதிகம் கொடுப்பதுதான் வேகமாக ஓடும். அட்டையில் பெரிய எழுத்தில் கார்டின் பெயர் இருக்கும், வாட் கணக்கை நீங்கள்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கம்பெனி கணக்கில் லாபத்தைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, கடனை அடிக்குறிப்பில் போடுவார்களே, அந்த மாதிரி.

அடுத்தது ரிப்பேர். இங்கேதான் அப்பா ஜெயித்தார். எங்கள் கடையில் 2009-ல் வாங்கிய ஒரு பெட்டி இன்னமும் பில் போட்டுக்கொண்டிருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ் இரண்டு தடவை மாறியது. குண்டு மானிட்டர் போய்த் தட்டை மானிட்டர் வந்தது. ஹார்ட் டிஸ்க் போய் எஸ்.எஸ்.டி வந்தது. மதர்போர்டே ஒரு தடவை மாறியது. கீபோர்டு எத்தனை என்று கணக்கே இல்லை, அரிசித் தூசி அப்படி. ஆனால் எதுவும் மொத்தமாகச் சாகவில்லை. எது போனதோ அதை மட்டும் மாற்றினார், தெரிந்த கடையில், இருந்த காசுக்கு.

என் லேப்டாப்பில் ரேமையும் எஸ்.எஸ்.டி.யையும் மாற்றலாம். பிராசஸரும் கிராபிக்ஸ் சிப்பும் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டவை. ஒன்று போனால் போர்டே போச்சு. 2019-ல் டெல் கம்பெனி தன் ஏலியன்வேர் ஏரியா-51எம் என்ற மாடலில் டெஸ்க்டாப் பிராசஸரையே போட்டு, மாற்றிக்கொள்ளலாம் என்று விளம்பரம் செய்தது. அடுத்த தலைமுறை பாகங்கள் அதில் பொருந்தவில்லை என்று 2021-ல் அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். ஃபிரேம்வொர்க் என்ற கம்பெனி, 2024-ல் வெளிவந்த தன் 16 அங்குல மாடலில் கிராபிக்ஸ் பகுதியைக் கழற்றி மாட்டும்படி செய்து, 2025-ல் புது கார்டும் கொடுத்தது. நல்ல முயற்சி. ஆனால் அது ஒரு விதிவிலக்கு.

இதில் ஒரு வேடிக்கை. 2013 கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி டெஸ்க்டாப், லேப்டாப் இரண்டுக்கும் பயன்பாட்டு ஆயுள் 3 வருடம்தான். சட்டத்துக்கு இரண்டும் ஒன்று. பரீட்சையில் அப்படித்தான் எழுதுவேன், மார்க் வேண்டுமே. ஆனால் எங்கள் கடைப் பெட்டி அந்த அட்டவணையைப் படிக்கவில்லை.

சரி, ஒரு பக்கமாகவே பேசக்கூடாது. லேப்டாப் ஜெயிக்கிற இடமும் இருக்கிறது. அறையில் மேசையே இல்லாதவர்கள், வருடத்துக்கு நாலு தடவை அறை மாறுகிறவர்கள், வார இறுதி தோறும் ஊருக்குப் போய் அங்கேயும் எடிட்டிங் வேலை பார்க்கிறவர்கள்... இவர்களுக்கு டெஸ்க்டாப் ஒரு சுமை. கரண்ட் விஷயமும் உண்டு. ஒரு தடவை அசைன்மென்ட் அனுப்பும் நேரத்தில் கரண்ட் போனது. என் எக்செல் பிழைத்தது, உண்மை. ஆனால் மானிட்டர் அணைந்தது, ஹாஸ்டல் வைஃபையும் அணைந்தது. போனில் ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் அனுப்பினேன். நண்பனின் யு.பி.எஸ்.ஸும் அன்றைக்கு அதே வேலையைச் செய்தது. பேட்டரியில் விளையாடலாம் என்றும் கனவு காணாதீர்கள். விமானத்தில் அனுமதி கேட்காமல் கொண்டுபோகும் வரம்பு 100 வாட்-ஹவர் என்பதால் லேப்டாப் பேட்டரிகள் அதற்குள்ளேதான் நிற்கும். விளையாடும்போது 150 வாட்டுக்கு மேல் உறிஞ்சும் பொருளுக்கு அது எத்தனை நிமிடம் தாங்கும்? ஆகவே பேட்டரிக்கு மாறியதும் அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நண்பன் வாங்கிய விலைக்கு இப்போது வாங்கலாம் என்று ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். 2025 கடைசி மாதங்களில் ரேம் விலை எகிறியதில் அசெம்பிள் கணக்கும் ஆடிப்போனது. அந்தந்த நாள் விலையைக் கேட்டுக் கணக்குப் போடுங்கள். என் எண்களை நம்ப வேண்டாம், கணக்குப் போடும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முறை ரொம்ப எளிது. கடைக்குப் போகும் முன் ஒரு மாதம், உங்கள் கணினி மேசையை விட்டு வெளியே போக வேண்டிய நாட்களை எண்ணுங்கள். ஆசைப்படும் நாட்களை அல்ல, போயே தீர வேண்டிய நாட்களை. எட்டு, பத்து என்று வந்தால் தாராளமாக லேப்டாப் வாங்குங்கள். ஒன்று, பூஜ்யம் என்று வந்தால் ஒரு பெட்டியை வாங்கி மேசைக்குக் கீழே தள்ளுங்கள். மிச்சக் காசில் எக்செல்லுக்கு ஒரு பழைய, மெல்லிய லேப்டாப்கூடக் கிடைக்கலாம். நான் ஆர்ட்டிகிள்ஷிப் போகும்போது ஆடிட்டுக்குத் தூக்கிப் போக வேண்டியது அந்த மாதிரி ஒன்றைத்தான். இரண்டரைக் கிலோவும் ஒரு செங்கலும் அல்ல.

இப்போது விற்றுவிடவா? இல்லை. போட்ட காசு போட்டதுதான், சங்க் காஸ்ட் என்று முதல் வருடமே சொல்லிக் கொடுத்தார்கள். இனிமேல் ஆகும் செலவை மட்டும் பார்த்தால் வைத்துக்கொள்வதே லாபம். சார்ஜை 80-ல் நிறுத்தியிருக்கிறேன். மாதம் ஒரு தடவை தூசி தட்டுகிறேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இந்தக் கணக்கு நோட்டை அப்பாவிடம் காட்டினேன். கடையில் கூட்டம் குறைந்த நேரம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். கூட்டல் சரியா என்று ஒரு தடவை மனதுக்குள் போட்டுப் பார்த்தார். "கணக்கு சரியாத்தான் இருக்கு. வாங்குறதுக்கு முன்னாடி போட்டிருக்கலாம்" என்றார். திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அம்மாவுக்கு அந்தச் சீட்டில் இன்னும் ஏழு தவணை பாக்கி. சொந்தமாகச் சம்பாதிக்கும் முதல் ஸ்டைபண்டில் இருந்து அதை நான் கட்டுவதாகச் சொல்ல நினைத்தேன். தவணை அதற்குள் முடிந்துவிடும். ஆகவே சொல்லவில்லை, நோட்டில் என் பெயரில் பற்று எழுதி வைத்திருக்கிறேன்.

பி.கு: டச்பேட் தூக்கிக்கொண்டு நின்றாலோ, அடிமூடி சரியாக உட்காரவில்லை என்றாலோ, உடனே அணைத்துவிட்டுக் கடைக்குக் கொண்டு போங்கள். அமுக்காதீர்கள், குத்தாதீர்கள். தீப்பிடிக்கும் சமாச்சாரம், விளையாட்டு இல்லை.