மாவு வியாபாரம் விலைக்கு வருது

எங்க வீட்டுல இருந்து ரெண்டு தெரு தள்ளி ஒரு மாவுக்கார அக்கா இருக்காங்க. கோயமுத்தூர்ல தெருவுக்கு ஒருத்தர் இப்படி இருப்பாங்க, உங்க ஊர்லயும் இருப்பாங்க. இட்லி மாவு, தோசை மாவு. போர்டு கிடையாது, கடைக்குப் பேரு கிடையாது, பில்லும் கிடையாது. வீட்டு முன்ரூம்ல ரெண்டு பெரிய கிரைண்டர், ஒரு ஃபிரிட்ஜ், ஒரு தராசு, நூல் கட்டின ஒரு கணக்கு நோட்டு. 11 வருஷமா ஓடுது. இப்ப ஓசூர்ல இருக்கற பொண்ணுகூடவே போய் இருந்துக்கலாம்னு முடிவு பண்ணிட்டதால வியாபாரத்தை அப்படியே விக்கறாங்க. கேக்கற விலை மூணரை லட்சம்.

வாங்கணும்னு ஆசைப்படறது நான் இல்லைங்க. எங்கம்மா.

ஆபீஸ்ல விஷயத்தைச் சொன்னதும் பக்கத்து சீட்டு ஆளு, "ஐடி வேலையை விட்டுட்டு ஐடி ஃப்ரெஷ் ஆரம்பிக்கப் போறியா"ன்னான். மாவுன்னு வாயைத் திறந்தாலே இந்தக் கதையைச் சொல்லாம விடமாட்டாங்க நம்ம ஆளுங்க. 2005-ல பெங்களூருல, 50 சதுர அடி இடத்துல, முஸ்தஃபாவும் அவரோட சொந்தக்காரப் பசங்களும் ஆரம்பிச்சு பெரிய கம்பெனியா வளர்த்தாங்க. நல்ல கதைதான், ஒத்துக்கறேன். ஆனா அது ஒன்னுமில்லாததுல இருந்து ஆரம்பிச்ச கதை. நான் மண்டையைப் பிச்சுக்கறது, ஓடிட்டு இருக்கற ஒன்னை, அதை ஓட்டினவங்க ஊரைவிட்டுப் போற நேரத்துல வாங்கறதைப் பத்தி. ரெண்டுக்கும் உளுந்தைத் தவிர வேற சம்பந்தமே கிடையாது.

பொட்டி தட்டறவன் வேற என்ன பண்ணுவான், எக்செல்லைத் திறந்தேன். அக்கா ஒளிக்காம எல்லாத்தையும் சொன்னாங்க. ஒரு நாளைக்கு 60 கிலோ மாவு, கிலோ 45 ரூபா, ஆக 2,700. இதுக்கு 20 கிலோ இட்லி அரிசி வேணும், கிலோ 45-ன்னு 900. உளுந்து 5 கிலோ, கிலோ 130-ன்னு 650. வெந்தயம், உப்பு 20. கரண்டு, கவர் எல்லாம் சேர்த்து 150. மொத்தச் செலவு 1,720. மிச்சம் 980. திங்கக்கிழமை லீவு, மாசம் 26 நாள். 25,480 ரூபா கையில நிக்குது. மூணரை லட்சம் போட்டா 14 மாசத்துல போட்ட காசு வந்துடும். எந்த பேங்க்ல, எந்த மியூச்சுவல் ஃபண்டுல இப்படி வரும்? அம்மா முகத்துல ஆயிரம் வாட்ஸ்.

இங்கதான் எனக்கு இடிச்சுது. வீட்டுல இருந்து நடத்தற சின்ன வியாபாரத்துல நாம லாபம்னு சொல்றதுல பெரும்பகுதி லாபமே இல்லை, கூலி. அந்தக் கூலியை உழைச்சு வாங்கப் போறது நாளைக்கு அங்க நிக்கப் போற ஆளு. அதுக்கு இன்னிக்கே விக்கறவங்க கையில காசு குடுக்கறது என்ன நியாயம்? யாரும் ஏமாத்தலை. நம்ம வீடுகள்ல பொம்பளைங்க செய்யற வேலைக்கு கூலி எழுதற பழக்கமே கிடையாது, அதனால அது லாபம்ங்கற பேர்ல கணக்குல உக்காந்துக்குது.

அக்காவோட ஒரு நாளைப் பாருங்க. காலைல அரிசி, உளுந்து களைஞ்சு ஊறப்போடணும். மதியம் ஒரு மணிக்கு மேல அரைக்க ஆரம்பிச்சா சாயங்காலம் அஞ்சு ஆகும். உளுந்து சூடாகக் கூடாதுன்னு ஐஸ் தண்ணி தெளிச்சுத் தெளிச்சு அரைக்கறாங்க. பக்கத்துலயே நின்னாகணும், டிவி பார்த்துட்டே பண்ற வேலை இல்லை. அப்புறம் ராத்திரி ஒன்பது வரைக்கும் வாசல்ல வியாபாரம். நடுவுல கிரைண்டர் கழுவறது, டிரம் கழுவறது. விடியக்காலைல அவங்க வீட்டுக்காரர் டிவிஎஸ் 50-ல வாளியைக் கட்டிட்டு டிபன் கடைகளுக்குப் போட்டுட்டு வருவார். இந்த வேலைக்கு வெளியாள் போட்டா, ஒரு பொம்பளையாளுக்கு நாளைக்கு 500, மாசம் 13,000. காலைல கொண்டுபோய்ப் போடற ஆளுக்கு 6,000. முன்ரூமுக்கும் தண்ணிக்கும் வாடகைன்னு ஒரு 5,000 வைங்க. மொத்தம் 24,000 ஆச்சா? 25,480-ல கழிச்சா 1,480 ரூபா.

அதுதான் வியாபாரத்தோட லாபம். மாசம் 1,480. மூணரை லட்சம் திரும்பி வர 20 வருஷத்துக்குக் கொஞ்சம் கம்மி. ஙே!

இந்த எக்செல்லை பெருமையா அம்மாகிட்ட காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்துட்டு கேட்டாங்க: "ஏன் கண்ணு, எனக்கு இப்ப யாரு பதிமூவாயிரம் சம்பளம் தர்றா?"

பதில் சொல்ல முடியலை. அப்பா பஞ்சாலையில இருந்து ரிட்டயர் ஆனவர், பென்ஷன் மூவாயிரத்துச் சொச்சம். வீட்டுச் செலவு என் சம்பளத்துல ஓடுது. அம்மாவுக்கு 52 வயசு, அவங்க பேர்ல வருமானம்னு ஒரு ரூபா வந்ததில்லை. "கோயில் உண்டியல்ல போடக்கூட உங்கிட்டத்தான் கேக்கறேன்"னாங்க. வேற எங்கயும் வேலைக்குப் போக வழியில்லாத ஒருத்தருக்கு, அந்த 24,000 வெறும் கூலிதானேன்னு நான் தள்ளிவிட முடியாது. ரெண்டு தெரு தாண்டாம, யாருகிட்டயும் கைகட்டி நிக்காம கிடைக்கற சம்பளம் அது. அதனால, வாங்கலாமா வேண்டாமாங்கற கேள்விக்கு பதில் சரின்னே எனக்குத் தோணுது. தகராறு விலையிலதான். வேலை கிடைக்கறதுக்கு மூணரை லட்சம் கட்டறது, நாம எல்லாரும் திட்டற அந்த "காசு கட்டினா வேலை" கேஸ் மாதிரிதானே?

சரி, காசு குடுத்தா கைக்கு என்னதான் வரும்? சாமான் வரும். தெரிஞ்ச கிரைண்டர் மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். (கோயமுத்தூர்ல இருக்கறதுல ஒரு சௌகரியம், கிரைண்டருக்கு நாடி பார்க்கற ஆளு எல்லாத் தெருவுலயும் உண்டு.) ஒரு கிரைண்டர்ல கல்லு தேஞ்சு போச்சு, கொத்தணும். இன்னொன்னு நல்லா இருக்கு. ஃபிரிட்ஜ், தராசு, டிரம் எல்லாம் சேர்த்து 65,000-க்கு மேல போகாதுன்னார். அப்ப மிச்சம் 2,85,000 எதுக்கு? நல்ல பேருக்கு.

அந்த நல்ல பேரு எங்க இருக்குன்னு தேடினேன். மூணு நாள் சாயங்காலம் அக்கா வீட்டு எதிர்ல வண்டியை நிறுத்திட்டு யார் வர்றாங்கன்னு எண்ணினேன். (தெருவுல ஒரு மாதிரி பார்த்தாங்க, அது வேற விஷயம்.) 60 கிலோவுல 22 கிலோ மூணே மூணு பேருக்குப் போகுது. ரெண்டு தள்ளுவண்டி டிபன் கடை, ஒரு மெஸ். வாரக் கடன். ஒரு நாள் மாவு புளிச்சுப் போனா மறுநாளே அடுத்த தெருவுக்குப் போயிடுவாங்க. மிச்சம் 38 கிலோ வீடுகளுக்கு. இவங்க வர்றதுக்குக் காரணம் அக்கா வீடு பஸ் ஸ்டாப்புல இருந்து வர்ற வழியில இருக்கறது. அந்த வீடு வாடகை வீடு. அது நமக்கு வராது, நாம அரைக்கப் போறது எங்க வீட்டுல. தண்ணியும் வராது. அக்கா வீட்டுல தினமும் நல்ல தண்ணி பிடிக்க வசதி இருக்கு, எங்க வீட்டுல போர் போட்ட உப்புத் தண்ணிதான் எந்நேரமும். அரசாங்கப் பதிவும் வராது. உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு அவங்க பேர்ல இருக்கு, விலைக்கு வாங்கறவங்க புதுசாத்தான் எடுக்கணும். ஜிஎஸ்டி பிரச்சனை இல்லை, வருஷத்துக்கே எட்டரை லட்சத்துக்குள்ளதான் விக்குது, 40 லட்சத்துக்கு ரொம்ப தூரம். கரண்டு இணைப்பை மட்டும் முறைப்படி மாத்தினா வீட்டுக்கு வர்ற 100 யூனிட் இலவசம் அதுல கிடைக்காது. அந்த 150 ரூபா செலவுக் கணக்கு அப்ப ஏறும்.

கடைசியா கைப்பக்குவம். மாவைப் பொங்க வைக்கறது லூக்கோநாஸ்டாக்னு ஒரு பாக்டீரியா கூட்டம், அது உளுந்துலயே இருக்கு, யார் வீட்டுல ஊறப்போட்டாலும் வரும். ஆனா மார்கழி குளிர்ல எப்ப கரைச்சு வைக்கணும், சித்திரைல உப்பை எப்ப போடணும், இந்த மூட்டை உளுந்து பழசா புதுசா, இதெல்லாம் அக்கா கையில இருக்கு. அரைச்ச உளுந்துல ஒரு பொட்டு எடுத்துத் தண்ணில போடுவாங்க. மிதந்தா சரி, முங்கினா இன்னும் கொஞ்சம் ஓடணும். இதைக் கத்துக்குடுக்க முடியும். இது ஒன்னுதான் மூணரை லட்சத்துல நிஜமாவே கைமாறக் கூடிய சரக்கு. அதுக்கும் அவங்க கூட இருந்தாத்தான் உண்டு.

நண்பர் ஒருத்தர் குறுக்கு வழி சொன்னார். "எதுக்குடா வாங்கற? அக்கா ஊருக்குப் போகட்டும், புதுக் கிரைண்டர் ரெண்டு வாங்கிப் போடு, எல்லாரும் உங்க வீட்டுக்குத்தானே வரணும்." கணக்குப்படி நூத்துக்கு நூறு சரி. அம்மாகிட்ட சொன்னேன், கொதிச்சுட்டாங்க. "பதினோரு வருஷமா அவ கூட்டின கூட்டத்தை, அவ வண்டி ஏறினதும் நாம அள்ளிக்கறதா? அப்புறம் அவ மூஞ்சில எப்படி முழிக்கறது?" அம்மா சொல்றதை நான் ஒத்துக்கறேன். அதே சமயம், இப்படி சும்மாவே எடுத்துக்கக் கூடிய ஒன்னுக்கு 2,85,000-ங்கறது தாங்காது. நடுவுல ஒரு விலை இருக்கணும்.

நான் சொன்ன விலை இது. சாமானுக்கு 65,000 ரொக்கம். ஒரு மாசம் கூட இருந்து கத்துக்குடுக்க 25,000, கிட்டத்தட்ட அவங்க ஒரு மாச வருமானம். வாடிக்கைக்கு, முதல் 6 மாசம் விக்கற ஒவ்வொரு கிலோவுக்கும் 5 ரூபா. இப்ப போற 60 கிலோவும் நின்னா மாசம் 7,800, ஆறு மாசத்துல 46,800. நிக்கலைன்னா அதுக்கேத்த மாதிரி கம்மி. எல்லாம் சேர்த்தா அதிகபட்சம் 1,36,800. என்கிட்ட இருக்கறது ஆறு மாச சம்பளம் அளவுக்கு சேமிப்பு, எங்க டீம்லயே போன வருஷம் நாலு பேரை வீட்டுக்கு அனுப்பினாங்க. மூணரை லட்சத்தைத் தூக்கி அங்க போட்டுட்டு எனக்கு ஆணி போச்சுன்னா, அப்புறம் வீடே அந்த 60 கிலோவை நம்பித்தான்.

கூடவே ஒரு எழுத்தும் கேட்டேன். ஓசூர் ஒத்துவராம அக்கா திரும்பி வந்து, அதே தெருவுல மறுபடி மாவு போட்டா? இங்க சட்டம் சுவாரசியமா இருக்கு. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27, ஒருத்தரைத் தொழில் பண்ணாம தடுக்கற ஒப்பந்தம் செல்லாதுங்குது. அதுலயே ஒரு விதிவிலக்கு, தொழிலோட நல்ல பேரை வித்தவங்க விஷயத்துல. குறிப்பிட்ட எல்லைக்குள்ள, வாங்கினவங்க அந்தத் தொழிலை நடத்தற வரைக்கும், நானும் அதையே செய்யமாட்டேன்னு எழுதிக் குடுக்கலாம். எல்லை நியாயமா இருக்கணும், அவ்வளவுதான். நான் கேட்டது நாலு தெரு.

அக்கா எழுத்துக்கு உடனே சரின்னுட்டாங்க. விலையைக் கேட்டதும் முகம் வாடிப்போச்சு. "பதினோரு வருஷ உழைப்புக்கு இவ்வளவுதானா தம்பி?"ன்னாங்க. அந்த 11 வருஷக் கூலியை நீங்க தினம் தினம் 980-ஆ வாங்கிட்டீங்கக்கான்னு எக்செல் சொல்லுது. அதை அவங்க முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரலை. வேணும்னா கிலோவுக்கு 5 ரூபாயை 9 மாசம் ஆக்கிக்கலாம்னேன். அதுவும் 70,200 வரைக்கும் போகும், மொத்தம் 1,60,200. அதுக்கு மேல என்னால முடியாது. மருமகன் மூணு லட்சத்துக்குக் கம்மியா வேண்டாம்னு ஃபோன்ல சொல்றாராம். வேற யாரோ ஒருத்தர் வந்து பார்த்துட்டும் போயிருக்காங்க. மூணுதான் கடைசின்னா நான் விலகிக்குவேன், அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்.

அவங்க கேட்டுக்கிட்டாங்க. ஆனா நாலு நாளா மதியச் சாப்பாடு முடிஞ்சதும் ஆளு வீட்டுல இல்லை. விலையே பேசி முடியலை, அக்கா வீட்டுல உளுந்து அரைக்கக் கத்துக்கறாங்களாம். நேத்து ராத்திரி ரெண்டு பேரும் வாசல்ல உக்காந்து அந்த நோட்டுல யாரு பாக்கின்னு பார்த்துட்டு இருந்தாங்க.

பி.கு: கிரைண்டர் கல்லை முதல் தடவை கொத்தினப்புறம் எத்தனை நாள் மாவுல மணல் நறநறன்னு வரும்? அனுபவஸ்தர்கள் யாராவது சொல்லுங்க மக்களே. மெக்கானிக் ரெண்டு நாள்ங்கறார், அக்கா ஒரு வாரம்ங்கறாங்க. நான் அக்கா பக்கம்.