வாயில்லாச் சீவனின் இருமல்

பள்ளி விடுமுறையில் ஒரு நாள், வெள்ளவத்தைச் சிறுவர் சிலரை அழைத்துக்கொண்டு அயலிலுள்ள தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்குச் சென்றிருந்தோம். சிங்கத்தின் கூண்டுக்கு முன்னே நின்றபோது அவர்களுள் ஒருவன், "மாமா, சிங்கத்துக்குத் தடிமன் பிடித்தால் அது யாரிடம் சொல்லும்?" என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். நமக்கோ அது நகைப்புக்குரிய கேள்வியாகத் தோன்றவில்லை.

சிங்கம் சொல்லாது, இயன்றமட்டும் மறைக்கவே செய்யும். காட்டிலே தளர்ச்சியைக் காட்டும் விலங்கு பகைக்கு இலக்காகும். ஆதலின் நோயை மறைத்தல் வனவிலங்குகளின் இயல்பாயிற்று. கூண்டில் வாழ்ந்தாலும் அவ்வியல்பு அவற்றை விட்டு நீங்குவதில்லை.

2021ஆம் ஆண்டு மே மாத இறுதியில், சென்னையை அடுத்த வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் சிங்கங்கள் சில உணவை வெறுத்தன, இடையிடையே இருமின. 11 சிங்கங்களிடமிருந்து மாதிரிகள் எடுத்துப் போபால் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். 9 சிங்கங்களுக்குக் கொரோனாத் தொற்று இருந்தமை தெரியவந்தது. நீலா என்னும் 9 வயதுப் பெண் சிங்கத்திடம் நோய்க்குறி எதுவும் காணப்படவில்லை. ஜூன் 2ஆந் திகதி மூக்கிலே நீர் வடிந்தது. உடனே வைத்தியம் செய்தும், மறுநாள் மாலை அது இறந்துபோயிற்று. அதே மாதத்தில் நமது தெகிவளையிலும் தோர் என்னும் சிங்கத்துக்கு இத்தொற்றுக் கண்டறியப்பட்டது.

அப்படியானால் மிருக வைத்தியர் நோயை அறிவது எங்ஙனம்? அவருக்கு முதற் கருவி, நாள்தோறும் உணவிடும் பராமரிப்பாளரின் கண்ணேயாகும். இட்ட இறைச்சி எஞ்சியிருக்கிறதா, துயிலும்போது விலா விரைந்து எழுந்து தாழ்கிறதா என்பவற்றை அவரே முதலில் காண்பவர். அடுத்து, மூக்குச் சளியைப் பஞ்சிலே ஒற்றியெடுத்து ஆய்வுகூடத்தில் சோதிப்பார்கள். எக்ஸ் கதிர்ப் படம் பிடிக்க வேண்டுமாயின் பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்தாக வேண்டும். சுவாசப்பை பழுதுற்ற விலங்குக்கு அம்மயக்கமே ஆபத்தாய் முடிதலும் உண்டு.

இவ்வளவு தொல்லை எதற்கு, ஏதேனும் ஒரு மருந்தைக் கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். அவுஸ்திரேலியாவில், வயிற்றுப் பையிலே குட்டியை வளர்க்கும் கோவாலாவை எடுத்துக்கொள்வோம். அதன் மூக்கில் சளி வடிந்தால் பற்றீரியாவும் காரணமாகலாம். கிரிப்டோகொக்கஸ் என்னும் பங்கசும் காரணமாகலாம். நுவரெலியாவில் நாம் காணும் யூக்கலிப்டஸ் இனத்து மரங்களின் உக்கிய பொந்துகளில் அப்பங்கசு வாழ்கிறது. பற்றீரியாவைக் கொல்லும் மருந்து அதனை ஒன்றும் செய்யாது. இரத்தத்தைச் சோதித்து இன்னதெனத் துணிந்த பின்னரே, மாதக்கணக்கில் வேறு மருந்து கொடுக்கிறார்கள். குறி ஒன்றாயினும் நோய் ஒன்றன்று. வீட்டிலே குழந்தை இருமியதும் அயல்வீட்டில் எஞ்சிய மாத்திரையைக் கேட்டு வாங்கும் நாமும் இதனைச் சிந்தித்தல் நன்று.

இன்னொன்றும் உண்டு. கொரோனாக் கிருமி மனிதரிடமிருந்து சிங்கம், புலி முதலியவற்றுக்குத் தாவக்கூடியது. ஆகவே அன்று அச்சிறுவனுக்கு நாம் சொன்ன விடை இதுதான்: "தம்பி, சிங்கம் தன் தடிமனை யாரிடமும் சொல்லாது. உனக்குத் தடிமன் பிடித்தால் நீ அம்மாவிடம் சொல்லிவிட்டு, அன்றைக்கு இங்கே வராமல் வீட்டில் இரு."

இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை.