நுண்ணுயிர் ஊத்தினா நத்தப்பேட்டை ஏரி சுத்தமாகிடுமா? மஞ்சள் நீர் கால்வாய் சொல்லும் கணக்கு என்ன?

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து திருக்காலிமேடு வழியா நத்தப்பேட்டை பக்கம் போறவங்களுக்கு, ஏரி கண்ணில் படுவதற்கு முன்னாடியே மூக்குக்குத் தெரிந்துவிடும். நகரின் மழைநீரை ஏரிக்குக் கொண்டு சேர்ப்பதுதான் மஞ்சள் நீர் கால்வாயின் வேலை. ஆனால் பல ஆண்டுகளாக அதில் வீட்டுக் கழிவுநீர்தான் ஓடுகிறது. சாயப்பட்டறைத் தண்ணீரும் கலக்குது என்பது இங்குள்ளவர்களின் நீண்ட நாள் புகார். புத்தேரி பக்கம் கிளம்பி, நகருக்குள் வளைந்து, திருக்காலிமேட்டைத் தாண்டி வரும் இந்தக் கால்வாய் கடைசியில் போய்ச் சேரும் இடம் நத்தப்பேட்டை ஏரி.

இப்படி நாறும் ஏரி எந்த ஊரில் இருந்தாலும், ஒரு யோசனை தவறாமல் வரும்: "நல்ல நுண்ணுயிர்களை ஊத்தினா போதும், அதுவே கழிவைத் தின்னு தண்ணியைச் சுத்தம் பண்ணிடும்." செலவு கம்மி, கட்டடம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம்னு கேட்கவே நல்லா இருக்கும். இதில் எவ்வளவு உண்மை?

நுண்ணுயிர் உண்மையிலேயே வேலை செய்யுமா?

செய்யும். இது புது விஷயமும் இல்லை. இன்று உலகம் முழுக்க இருக்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் பெரும்பாலானவை பாக்டீரியாவை நம்பித்தான் ஓடுகின்றன. கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தி பாக்டீரியாவை வளர்க்கும் முறையை இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவர் 1914-ல் வெளியிட்டார்கள். அடிப்படை இன்னும் மாறவில்லை.

நம்ம ஊர் விவசாயிகளுக்குத் தெரிந்த 'இ.எம். கரைசல்' இதில் வேறு ரகம். ஜப்பானின் ஒகினாவாவில் பேராசிரியர் தெருவோ ஹிகா 1980களில் பரப்பியது. தயிரில் இருப்பது மாதிரியான லாக்டிக் அமில பாக்டீரியா, ஈஸ்ட், ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா எல்லாம் கலந்த கரைசல். வெல்லமும் தண்ணீரும் சேர்த்து சில நாள் மூடி வைத்தால் பெருகும். இதே கரைசலை மண்ணில் பிசைந்து உருண்டை பிடித்து நீர்நிலையில் வீசும் வழக்கமும் உண்டு. மலேசியாவின் பினாங்கில் 2009 ஆகஸ்டில் பொதுமக்கள் சேர்ந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மண் உருண்டைகளை வீசினார்கள்.

இந்தக் கரைசலை ஊத்தினதும் பெரும்பாலும் முதலில் குறைவது நாற்றம். சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்குது. நாற்றம் போனதைப் பார்த்து ஏரியே சுத்தமாகிடுச்சுன்னு எல்லாரும் நினைச்சிடுறாங்க.

பாக்டீரியாவுக்கு எது பஞ்சம்?

ஒரு விஷயத்தை முதலில் தெளிவாக்கணும். சாக்கடைத் தண்ணீரில் பாக்டீரியாவுக்குப் பஞ்சமே கிடையாது. வெளியிலிருந்து யாரும் ஊத்தாமலே கோடிக்கணக்கில் இருக்கு. பஞ்சம் ஆக்சிஜனுக்குத்தான்.

கழிவை பாக்டீரியா தின்று முடிக்க எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படும் என்பதைத்தான் பி.ஓ.டி. என்ற அளவாகச் சொல்கிறார்கள். வீட்டுக் கழிவுநீரில் இது லிட்டருக்கு சுமார் 200 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளலாம். 30 டிகிரி வெயிலில் நல்ல தண்ணீரே லிட்டருக்கு அதிகபட்சம் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்திருக்கும். தேவை 200, கையிருப்பு ஏழரை.

இன்னொரு மாதிரி பார்த்தால், ஒரு நாளைக்கு 10 லட்சம் லிட்டர் கழிவுநீர் ஏரிக்குள் வந்தால், அதைத் தின்று முடிக்க தினமும் 200 கிலோ ஆக்சிஜன் வேணும். அடுத்த நாள் இன்னொரு 200 கிலோ. எத்தனை டிரம் நுண்ணுயிர் கரைசல் ஊத்தினாலும் இந்தக் கணக்கு மாறாது. அதனாலதான் நுண்ணுயிரோடு ஏரேட்டரும் வைக்கணும்னு நீரியல் நிபுணர்கள் சொல்றாங்க. ஏரேட்டர்னா மின்சாரமும் பராமரிப்பும் சேர்ந்தே வரும். "செலவே இல்லை" என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப் போகுது.

பட்டுக்கும் ஏரிக்கும் என்ன சம்பந்தம்?

காஞ்சிபுரத்துக்கு மட்டும் உள்ள சிக்கல் இது. கச்சாப் பட்டு நூலின் மேல் செரிசின் என்ற பசை இருக்கும். சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் நூலை அவித்து அதை எடுத்தால்தான் பட்டுக்குப் பளபளப்பு வரும். ஒரு கிலோ கச்சாப் பட்டில் 200 முதல் 250 கிராம் வரை இந்தப் பசைதான். அவித்த பிறகு எடை எவ்வளவு இறங்கும்னு நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரியும். அந்தக் கால் கிலோ போகும் இடம், அவித்த தண்ணீர். செரிசின் ஒரு புரதம். பாக்டீரியாவுக்கு நல்ல சாப்பாடு. ஆக்சிஜனை நிறைய இழுக்கும், ஆனால் மிச்சம் வைக்காமல் மக்கிவிடும்.

அதற்கு அடுத்த வேலையான சாயம் அப்படி இல்லை. பட்டுக்குப் போடும் அமில வகைச் சாயங்களில் பல 'ஆசோ' குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் பாக்டீரியா இவற்றின் மூலக்கூறை உடைக்கும். உடைந்ததும் நிறம் போய்விடும். தண்ணீர் தெளிந்த மாதிரி தெரியும். ஆனால் உடைந்த பிறகு மிஞ்சுவது அரோமேட்டிக் அமீன்கள், அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. இவற்றை அழிக்க ஆக்சிஜன் இருக்கும் சூழலில் வேறு பாக்டீரியா வேலை செய்யணும். அதாவது, நிறம் போச்சுன்னா விஷம் போச்சுன்னு அர்த்தம் இல்லை.

சில சாயங்களில் குரோமியம் போன்ற உலோகமும் சேர்ந்திருக்கும். உலோகத்தை எந்த பாக்டீரியாவாலும் தின்று தீர்க்க முடியாது. ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றும், இல்லன்னா தன் உடம்பில் பிடித்து வைத்துக்கொண்டு செத்துச் சேற்றில் விழும். அதனால் சாயத் தண்ணீரை ஏரிக்கு வந்த பிறகு மடக்குவது வீண். பட்டறை வாசலிலேயே மடக்கணும்.

அப்புறம் ஏன் உள்ளாட்சிகள் இதை விரும்புது?

ஒரு காரணம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவு. 2019 ஆகஸ்டில் வந்த அந்த உத்தரவுப்படி, கழிவுநீர் ஓடும் கால்வாய்களில் 2020 மார்ச் 31-க்குள் அந்த இடத்திலேயே சுத்திகரிக்கும் ஏற்பாட்டையாவது தொடங்கியிருக்கணும். இல்லாவிட்டால் ஒரு கால்வாய்க்கு மாதம் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு. சுத்திகரிப்பு நிலையம் கட்ட ஆண்டுக்கணக்கில் ஆகும், நுண்ணுயிர் கரைசலை அடுத்த வாரமே ஊத்த ஆரம்பிக்கலாம். 2019 கும்பமேளாவுக்காக பிரயாக்ராஜில் கங்கையில் கலக்கும் கால்வாய்களிலும் தற்காலிக ஏற்பாடாக இதைத்தான் செய்தார்கள்.

தற்காலிகம் என்ற சொல்தான் இங்கே முக்கியம். தீர்ப்பாயம் இதை இடைக்கால ஏற்பாடாகத்தான் பார்த்தது. நடைமுறையில் இடைக்காலம் நிரந்தரம் ஆகிவிடும் ஆபத்து இருக்கு. டெண்டர் முடிஞ்சதும் ஊத்துறது நிற்கும், நாற்றம் திரும்பும், மறுபடி டெண்டர் வரும்.

மஞ்சள் நீர் கால்வாயைக் கான்கிரீட் கால்வாயாக மாற்றும் வேலையையும் இதே கண்ணோடு பார்க்கணும். மழை வெள்ளம் தெருவுக்குள் வராமல் ஓட அது உதவும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கால்வாயில் கழிவுநீர் இணைப்புகள் அப்படியே இருந்தால், வழவழப்பான கான்கிரீட்டில் அந்தக் கழிவு இன்னும் வேகமாக நத்தப்பேட்டைக்குப் போய்ச் சேரும். அவ்வளவுதான் வித்தியாசம்.

மற்ற ஊர்களில் என்ன நடந்தது?

அமெரிக்காவின் சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரி 1950களில் பாசி பிடித்துக் கெட்டுப்போனது. 1963-லிருந்து 1968 வரை கழிவுநீர்க் குழாய்களை ஒவ்வொன்றாக ஏரியிலிருந்து திருப்பி விட்டார்கள். அதற்குப் பிறகு சில ஆண்டுகளில் ஏரி தெளிந்தது. வரத்தை நிறுத்தினதும் மிச்சத்தை ஏரியே பார்த்துக்கொண்டது.

நம்ம ஏரிகளுக்குப் பொருத்தமான கதை ஸ்வீடனின் ட்ரும்மென் ஏரிதான். வாஷிங்டன் ஏரி ஆழமானது, ட்ரும்மென் நம்ம ஏரி மாதிரி ஆழமில்லாதது. நகரக் கழிவும் ஆளி நார் ஆலைக் கழிவும் அதில் கலந்தன. 1950களின் இறுதியில் கழிவை நிறுத்திவிட்டார்கள். பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் ஏரி தேறவில்லை. காரணம், அடியில் படிந்த சேறு. நைட்ரஜனை பாக்டீரியா வாயுவாக மாற்றிக் காற்றில் அனுப்பிவிடும். பாஸ்பரஸுக்கு அந்த வழி கிடையாது. சேற்றில் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கசிந்து, பாசியை வளர்த்துக்கொண்டே இருக்கும். 1970, 71-ல் சுமார் ஒரு மீட்டர் சேற்றை உறிஞ்சி எடுத்த பிறகுதான் ட்ரும்மென் மீண்டது.

பக்கத்தில் பார்க்கணும்னா பெங்களூரு ஜக்கூர் ஏரி. சுத்திகரிப்பு நிலையம் முதலில். அதிலிருந்து வரும் தண்ணீர் கோரையும் நாணலும் வளர்ந்த சதுப்பு வழியா போய், பிறகுதான் ஏரிக்குள் இறங்குகிறது. அங்கேயும் உழைப்பது நுண்ணுயிர்தான், சுத்திகரிப்புத் தொட்டியிலும் நாணல் வேரிலும். ஆனால் பெரிய சுமையை நிலையம் சுமந்த பிறகு மிச்சத்தை மட்டும் சதுப்பிடம் விடுகிறார்கள்.

நுண்ணுயிர் கரைசலுக்கு வேலையே இல்லையா?

இருக்கு. கழிவுநீர் உள்ளே வராத, எல்லை கட்டிய கோயில் குளத்துக்கு இது பொருந்தும். பக்தர்கள் போடும் பூ, பொரி, எண்ணெய் மாதிரியான மக்கும் கழிவுக்கு நுண்ணுயிரும் ஏரேட்டரும் கைகொடுக்கும். 2019-ல் 48 நாள் அத்திவரதர் தரிசனம் முடியும் நேரத்தில் அனந்தசரஸ் குளத்தைத் தூர்வாருவதும் அதில் நிரப்பும் தண்ணீரின் தரமும் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. ஒரு குளத்துக்கு அந்த அளவு கவனம் கொடுக்க முடிந்த ஊர் இது. நத்தப்பேட்டை ஏரிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

ஏரியிலும் கடைசிக் கட்டமாக இதைப் பயன்படுத்தலாம். வரத்தை அடைத்து, சேற்றை எடுத்த பிறகு, மிஞ்சியதைச் சரிசெய்ய.

சேறு எடுப்பதிலும் ஒரு கவனம் வேணும். ஏரி வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ள 2017 முதல் தமிழக அரசு அனுமதிக்கிறது. மற்ற ஏரிகளில் அது வயலுக்கு உரம். சாயத் தண்ணீர் கலந்ததாகப் புகார் உள்ள ஏரியின் வண்டலை, குரோமியம், ஈயம் இருக்கான்னு சோதிக்காமல் நெல் வயலில் கொட்டினால், ஏரியில் கிடந்த பிரச்னை சோற்றுக்கு வந்துவிடும்.

சுத்தமாகிடுச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

"நுண்ணுயிர் முறையில் சுத்தம் செய்யப்பட்டது" என்று எந்த ஊரிலாவது பலகை வைத்தால் கேட்க வேண்டிய எண்கள் உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல்படி, குளிக்கத் தகுந்த தண்ணீரில் பி.ஓ.டி. லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. கரைந்த ஆக்சிஜன் 5-க்குக் குறையக்கூடாது. மீன் வாழ குறைந்தது 4 வேணும்.

எந்த நேரத்தில் தண்ணீர் எடுத்தாங்கன்னும் கேட்கணும். பாசி பிடித்த ஏரியில் மதியம் இரண்டு மணிக்கு எடுத்தால் ஆக்சிஜன் அமோகமா காட்டும், ஏன்னா வெயிலில் பாசி ஆக்சிஜனை விட்டுக்கொண்டே இருக்கும். ராத்திரி முழுக்க அதே பாசி ஆக்சிஜனை இழுக்கும். விடியற்காலையில் எடுக்கும் அளவுதான் நிஜம். மீன்கள் செத்து மிதப்பது பெரும்பாலும் காலையில் தெரிய வருவதும் இதனால்தான். கால்வாய் ஏரிக்குள் இறங்கும் இடத்தில் ஒரு அளவு, கலங்கல் பக்கம் ஒரு அளவு, இரண்டையும் மாதாமாதம் வெளியிட்டால் நுண்ணுயிர் என்ன செய்ததுன்னு யார் வேணும்னாலும் பார்த்துக்கொள்ளலாம்.